இரைச்சல் இல்லாத மைக்

லோம், 8 அக்டோபர் 1990

ராய்னா,

உன் புருஷன் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. மைக் உடையவில்லை. கம்பளித் துணியில் சுற்றிக் கட்டியது நீயாகத்தான் இருக்க வேண்டும். லூபெனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

முதலில் உன் அக்காவைப் பற்றி. சோஃபியாவில் தேதி கொடுத்துவிட்டார்கள். நவம்பர் ஐந்தாம் தேதி போய்ச் சேர வேண்டும், மறுநாள் ஆபரேஷன். கட்டியோடு சேர்த்துக் குரல்வளையை முழுதாக எடுத்துவிடுவார்களாம். கழுத்தில் ஒரு துளை போடுவார்கள், அதன் வழியாகத்தான் மூச்சு. பேச்சு இருக்காது. டாக்டர் இதை நெவேனாவின் முகத்துக்கு நேராகவே சொன்னார். வெளியே வந்ததும் அவள் என்னிடம், "ஏங்க, இனிமே வீட்டுல நீங்க மட்டும்தான் கத்தணும். போரடிக்காதா உங்களுக்கு?" என்றாள். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை குரல் உடைந்தது.

குரல் இருக்கும்போதே பதிவு செய்து வையுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். நீ சொன்னதில் சரியானது இது ஒன்றுதான். லோம் ஸ்டேஷனில் இத்தனை வருஷம் அறிவிப்புச் செய்தாள். ப்ரூசார்த்சி ரயில் எந்த நடைமேடை என்று அவள் சொல்லாமல் இந்த ஊரில் யாரும் பெட்டியைத் தூக்கியதில்லை. ஒருவன்கூட அந்தக் குரலைப் பிடித்து வைக்கவில்லை. ஸ்டேஷனில் கேட்டுப் பார்த்தேன். "டேப்பா? அவங்கதான் தினம் வந்து பேசுவாங்களே, டேப் எதுக்கு?" என்றார்கள்.

இனி மைக். லூபென் தன் ரேடியோ நிலையத்தில் வேண்டாம் என்று கழித்ததை எனக்கு அனுப்பியிருக்கிறான். என் டேப் ரெக்கார்டரில் மாட்டிக் கேட்டேன். சவ்வு நன்றாக இருக்கிறது. ஆனால் பின்னால் தகரக் கூரையில் மழை பெய்வது போல ஒரே இரைச்சல். நெவேனா குரலை மழையோடு வைக்கச் சொல்கிறானா? அவளே இப்போது மெதுவாகத்தான் பேசுகிறாள். திறந்து பார்த்தேன். சவ்வுக்குப் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர் கிழடாகிவிட்டது, அதற்கு முன்னால் இருக்கும் ரெசிஸ்டரும் மதிப்புக் குறைவானது. மாற்றினால் சரியாகிவிடும்.

உங்கள் கல்யாணத்தில் நான் கட்டிய ஆம்ப்ளிஃபையரைப் பார்த்து எல்லார் முன்னாலும் லூபென் கேட்டது எனக்கு மறக்கவில்லை. "சகல, இது பாடுதா, மீன் வறுக்குதா?" மொத்தப் பந்தலும் சிரித்தது. நீயும் சிரித்தாய். துறைமுகத்தில் நான் பழுது பார்த்த கிரேன்கள் இன்றும் சுமை தூக்குகின்றன. எனக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. இந்த மைக்கை எப்படிப் பேச வைக்கிறேன் என்று பார்.

வெலிச்கோ

*

ப்ளோவ்திவ், 12 அக்டோபர்

அத்தான்,

நான் ஓடி வந்திருப்பேன். எண்ணெய் வரிசையில் நடந்த தள்ளுமுள்ளில் விழுந்து தொடைவரை மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். எண்ணெயும் கிடைக்கவில்லை. கட்டைப் பிரிக்க அடுத்த மாதம் பாதியாகிவிடும் என்கிறார்கள். அதற்குள் அக்காவின் குரல் போய்விடும்.

காலில் விழுந்து கேட்கிறேன் என்று எழுத ஆசை. இந்தக் காலோடு விழுந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் எழுதிக் கேட்கிறேன்: மைக்கைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டீர்கள் என்றால் மூடுங்கள். அப்படியே மாட்டி, அக்காவை முன்னால் உட்கார வைத்து, இன்றைக்கே ஓட விடுங்கள். லூபென் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இரைச்சலால யாரும் செத்ததில்லன்னு சொல்லு அவர்கிட்ட. நாலு நாள்ல காது அதப் பழகிக்கும். குரல் இல்லன்னா எத பழகிக்கும்?"

அவர் பந்தலில் சொன்னது தப்புதான். நான் சிரித்ததும் தப்பு. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணப் பெண், எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்காக அக்காவைத் தண்டிக்காதீர்கள்.

அவள் எதைப் படித்தாலும் சரி. ரயில் நேரம், அவரைச் சூப்புக்குப் பக்குவம், உங்களைத் திட்டுவது. திட்டினால் இன்னும் நல்லது, அதில்தான் அவள் குரல் முழுதாக இருக்கும். எங்கள் அம்மா போனபோது எனக்கு ஏழு வயது. அம்மா குரல் எனக்கு ஞாபகம் இல்லை. அக்கா குரலைத்தான் அம்மா குரல் என்று வைத்துக்கொண்டேன். அதுவும் போனால் எனக்கு இரண்டும் போய்விடும்.

ராய்னா

*

லோம், 19 அக்டோபர்

ராய்னா,

தண்டனை என்று எழுத உனக்குக் கை கூசவில்லை. நான் யாருக்காகக் கண் எரிய உட்கார்ந்திருக்கிறேன்?

கேட்டுக்கொள். பழுதான ஒரு கப்பலின் ஆழமானிக் கருவியிலிருந்து டிரான்சிஸ்டர் கழற்றினேன். கையிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டு, மிக அமைதியானதைப் பொறுக்கி எடுத்தேன். பெரிய ரெசிஸ்டர் ஒன்றையும் அதிலேயே பிடித்தேன், கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பது. அதன் மேல் விரல் படக்கூடாது. விரலில் இருக்கும் பிசுக்கே மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். எல்லாம் தெரிந்துதான் செய்கிறேன். மின்வெட்டுக்கும் வழி கண்டுவிட்டேன், டார்ச் லைட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து நாற்பத்தெட்டு வோல்ட் எடுக்கிறேன். அரசாங்கம் விளக்கை அணைத்தாலும் மைக் வேலை செய்யும்.

பற்றவைத்த பிறகு பலகையைச் சுத்த ஸ்பிரிட்டால் கழுவ வேண்டும். ஊரில் எந்த மருந்துக் கடையிலும் ஸ்பிரிட் இல்லை. இப்போது எதுதான் இருக்கிறது? அலமாரியில் நான் வடித்த ராக்கியா, அதான் பழச் சாராயம், இருந்தது. இரண்டு தடவை வடித்தது, தீக்குச்சி காட்டினால் நீலமாக எரியும். அதில் பிரஷை முக்கிக் கழுவினேன். பளபளவென்று ஆகிவிட்டது.

இன்னொன்று. டாக்டரே சொன்னார், தொண்டைக்கு அதிக வேலை கொடுக்காதீர்கள் என்று. இருப்பதைப் பதிவுக்கு மிச்சம் பிடிக்க வேண்டும். அதனால் நெவேனா பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன். ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வாயைத் திறந்தாலே, "பேசாத! தொண்டைய மிச்சம் பிடி!" என்று ஒரு அதட்டல். முதல் நாள் சிலேட்டில், "கல்யாணமான நாளா இதுக்குத்தான காத்திருந்தீங்க" என்று எழுதிக் காட்டினாள். உன் அக்காவுக்குக் குறும்பு போகவில்லை. நான் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தபோதும் பின்னால் நின்று என்னமோ தொண்டையைச் செருமினாள். "பேசாதன்னா பேசாத" என்றேன். சிலேட்டைத் தட்டினாள். கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ரெசிஸ்டர், நான் எப்படித் திரும்ப முடியும்?

கீழ்வீட்டு சாகோ, நீ போன் செய்ததாகச் சொன்னான். நெவேனா படியிறங்கப் போனாள், நான்தான் தடுத்தேன். போனில் கத்திக் கத்திப் பேச வேண்டும். அந்தக் கம்பியில் குரல் தகரமாகத்தான் கேட்கும். கொஞ்சம் பொறு. நல்லதாகக் கேட்பாய்.

வெலிச்கோ

*

ப்ளோவ்திவ், 23 அக்டோபர்

அத்தான்,

எனக்குத் தகரமே போதும். சாகோ மாமா போனைப் பிடித்துக்கொண்டே மாடியைப் பார்த்துக் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. அக்கா செருப்பு படியில் இறங்கும் சத்தமும் கேட்டது. பிறகு உங்கள் சத்தம். பிறகு செருப்பு மேலே ஏறிவிட்டது. நான் போனை வைக்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இனி நான் கெஞ்சப் போவதில்லை. சனிக்கிழமை லூபென் லோமுக்கு வருகிறார். கையில் ஒரு சாதாரண கேசட் ரெக்கார்டர், அதற்குள்ளேயே மைக் இருக்கிறது. ஒரு மணி நேரம் போதும். உங்கள் வேலையில் அவர் கை வைக்க மாட்டார், உங்கள் மைக்கைப் பார்க்கக்கூட மாட்டார். ரயில் மாறி மாறி ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து வருகிறார், கதவைத் திறங்கள்.

ராய்னா

*

லோம், 28 அக்டோபர்

ராய்னா,

உன் புருஷன் வந்தான். அவன் போய் என்ன சொன்னானோ, நடந்தது இதுதான்.

வெளிக்கதவுக்கு வந்து நின்றான். தொப்பியைக்கூட எடுக்கவில்லை.

"சகல, ஒரு மணி நேரம் குடுங்க. அண்ணிகூட உக்காந்து பேசிட்டுப் போயிடறேன்."

"எதுல பிடிப்ப? அந்த டப்பாலயா?"

"டப்பாதான். டப்பால நெவேனா இருப்பாங்க. உங்க மேசை மேல இருக்கிறதுல இதுவரைக்கும் யாராவது இருக்காங்களா?"

ராய்னா, அவன் என்னைக் கெஞ்சியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். குத்திப் பேசினான். "இந்த வாசலை மிதிக்காதேன்னு உன் கல்யாணத்தன்னைக்கே சொன்னேன். அது இன்னும் அப்படியேதான் இருக்கு" என்றேன். அவன் ரெக்கார்டரைக் கதவுத் தூண் மேல் வைத்தான். "நான் போறேன். இது இருக்கட்டும். பட்டனை அமுக்கினா போதும்" என்றான். எடுத்து அவன் கையிலேயே திணித்தேன்.

நெவேனா ஜன்னலில் நின்று பார்த்தாள். அவன் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்தாள். அவள் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. என் பக்கம் நியாயம் இல்லாவிட்டால் கூப்பிட்டிருப்பாள் அல்லவா?

இப்போது நல்ல செய்தி. செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தேன். காய்ந்த வெயில் நாள். ஹெட்ஃபோன் மாட்டினால் வெறும் நிசப்தம். அடுத்த அறையில் அவள் வெங்காயம் உரிக்கும் சத்தம், தோல் கிழிகிறது பார், அதுகூட வந்தது. சோஃபியாவில் எந்த ரேடியோவிலும் இப்படி ஒரு மைக் இல்லை. சர்க்யூட்டில் ஒரே ஒரு மின்தேக்கி மனதுக்கு ஒப்பவில்லை. அதையும் மாற்றிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதிவு. மறுநாள் காலை ரயில். அதுவரை அவள் வாயைத் திறக்க மாட்டாள், குரல் ஓய்ந்து, தெளிந்து இருக்கும்.

என்ன படிப்பது என்று அவளே எழுதி வைத்திருக்கிறாள். எனக்குக் காட்டவில்லை. அதில் உனக்கும் ஒரு பகுதி இருக்கிறது என்று மட்டும் தெரியும்.

வெலிச்கோ

*

ப்ளோவ்திவ், 1 நவம்பர்

அத்தான்,

உங்கள் கதவில் நடந்ததை லூபென் சொல்லவே இல்லை. "வீட்ல யாரும் இல்ல" என்றார். உங்கள் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குரல் டேப்பில் பிழைத்தால் உங்களை மன்னிக்கிறேன்.

ராய்னா

*

சோஃபியா, 9 நவம்பர்

ராய்னா,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது என்கிறார்கள். கழுத்தில் வெள்ளிக் குழாய் வைத்திருக்கிறார்கள். தூங்குகிறாள்.

பதிவைக் கேட்கிறாய். சொல்கிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவதால் கையெழுத்து சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே டான்யூபிலிருந்து பனிமூட்டம். எதிர்வீடு தெரியவில்லை. துவைத்துப் போட்ட துணி வீட்டுக்குள்ளேயே சொட்டியது. அவள் நல்ல நீலச் சட்டை போட்டுக்கொண்டாள், ஸ்டேஷனுக்குப் போடுவாளே, அது. காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள். நான் டேப்பை ஓட விட்டுத் தலையசைத்தேன். அவள் வாயைத் திறந்தாள்.

மீன் வறுக்கும் சத்தம். நான் எழுதுவது உனக்குப் புரியும். சடசடவென்று எண்ணெயில் பொரிகிற சத்தம், அதற்கு அடியில் எங்கேயோ அவள். "ராய்னா, நீ சின்னதா இருக்கும்போது" என்றாள் என்று நினைக்கிறேன். நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிறுத்தினாள். கழற்றினேன். அடுப்புப் பக்கத்தில் காய வைத்தேன், மாட்டினேன். கொஞ்ச நேரம் சுத்தமாக இருந்தது. அவள் ஆரம்பித்ததும் மறுபடி பொரிந்தது. மறுபடி கழற்றினேன். அவள், "இருக்கட்டுங்க, அப்படியே பேசிடறேன்" என்றாள். "பேசாத, வீணாக்காத, இதோ ஆச்சு" என்றேன். அதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. பைகளைக் கட்ட வேண்டியிருந்தது. அந்த டேப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அழித்துவிட்டேன்.

காலையில் ஸ்டேஷனில் புதுப் பெண் ஒருத்தி அறிவிப்புச் செய்தாள். நடைமேடையைத் தப்பாகச் சொன்னாள். நெவேனா சத்தமாக, "முதலாவதும்மா, முதலாவது!" என்றாள். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவள் கையை அழுத்தினேன். அதன் பிறகு சோஃபியா வரை அவள் பேசவில்லை.

கழித்துப் போட்ட சாமானை அனுப்பினால் இப்படித்தான் ஆகும். என் வேலையில் குற்றமில்லை. சவ்வில் ஈரம் ஏறியிருக்கிறது. இதை உன் புருஷனிடம் சொல்.

வெலிச்கோ

*

ப்ளோவ்திவ், 25 நவம்பர்

அத்தான்,

மாவுக்கட்டைப் பிரித்த மறுநாளே சோஃபியாவுக்குப் போனேன். நீங்கள் லோமுக்குத் திரும்பியிருந்தீர்கள். லூபெனும் வந்தார். அக்கா என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள், பழக்கம். காற்றுதான் வந்தது, அதுவும் கழுத்திலிருந்து. பிறகு சிலேட்டை எடுத்தாள்.

முதலில் என் காலைப் பற்றிக் கேட்டு எழுதினாள். பிறகு உங்கள் மைக்கைப் பற்றி. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதி அடிக்கோடும் போட்டாள். நான் சொல்கிறேன்.

அலமாரியில் நீங்கள் எடுத்த ராக்கியா, அவள் தொண்டைக்குக் காய்ச்சிக் குடிக்கிற பாட்டில். அதில் தேன் கலந்து வைத்திருந்தாள். சர்க்கரைக்குக் கூப்பன் முடிந்துவிட்டதால் தேன். அதில் நீங்கள் பலகையைக் கழுவும்போதே அவளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. சொல்ல வந்தாள். "பேசாதன்னா பேசாத" என்றீர்கள். எழுதிக் காட்டினாள், சிலேட்டைத் தட்டினாள். நீங்கள் திரும்பவில்லை. நான் லூபெனைப் பார்த்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார். அங்கிருந்தபடியே சொன்னார்: தேன் காய்ந்தால் தெரியாதாம், பனிமூட்டத்தில் ஈரத்தை இழுத்துக்கொண்டு பொரியுமாம். கழித்த சாமான் இல்லை, அத்தான்.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அக்கா?" என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமை மைக் நல்லா இருந்துச்சு. அவ்வளவு சந்தோஷமா அவரப் பாத்து எத்தன வருஷமாச்சு. தேன் ஒண்ணும் பண்ணலன்னு நெனச்சேன்" என்று எழுதினாள். அதை அழித்துவிட்டு இன்னும் ஒன்று எழுதினாள்: "மூணு வாரம் பேசியிருக்கலாம்டி." அதை அழிக்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

மடியில் வைத்திருந்த காகிதத்தைக் கேட்டேன். அடுப்பில் போட்டுவிட்டாளாம். படிக்கத்தான் எழுதினேன், கொடுக்க இல்லை என்கிறாள்.

உங்களுக்கு நான் இனி எழுதுவதாக இல்லை.

ராய்னா

*

லோம், 12 டிசம்பர்

ராய்னா,

நீ எழுதாவிட்டால் போ. நான் எழுதுவேன்.

தேன் என்கிறாய். நெவேனா சோஃபியாவில் இருக்கும்போதே உன் கடிதம் வந்தது. மைக்கைத் திறந்தேன். பலகையை நாக்கால் தொட்டுப் பார்த்தேன். இதைப் பற்றி உனக்கு நான் எதுவும் எழுதப் போவதில்லை.

அவளை வீட்டுக்கு அழைத்து வரும்போது நர்ஸ் ஒருத்தி, குழாயைத் துடைக்க ஒரு சின்னப் புட்டி சுத்த ஸ்பிரிட் கொடுத்தாள். குழாய்க்குப் போக மிச்சத்தில் பலகையைக் கழுவினேன். இப்போது மூன்று நாளாகப் பனிமூட்டம், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. சர்க்யூட் சரி என்று நான் முதலிலிருந்தே சொன்னேன்.

அவளை மறுபடி மைக் முன்னால் உட்கார வைத்தேன். எதற்கு என்று நீ கேட்பாய். சாகோவும் கேட்டான். "பைத்தியமாய்யா உனக்கு? எதப் பிடிக்கப் போற?" என்றான். அவள் கேட்கவில்லை. நீலச் சட்டையை அவளே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

கேசட்டை இதோடு அனுப்புகிறேன். லூபெனின் டப்பாவிலேயே போட்டுக் கேள், அது போதும். முதலில் அவள் மூச்சு. குழாயில் உள்ளே போவதற்கு ஒரு சத்தம், வெளியே வருவதற்கு வேறு. நான் இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்திருந்தும் கேட்டதில்லை. பிறகு நாற்காலி. பிறகு சிலேட்டில் சாக்பீஸ். என்னமோ எழுதுகிறாள். நீளமாக இல்லை. ஒவ்வொரு கோடும் தனியாகக் கேட்கும், மேலே போவதும் கீழே வருவதும். நான் ஹெட்ஃபோனோடு மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அளவு தாண்டிவிடக்கூடாதே என்று. நிமிர்ந்தபோது அவள் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துடைப்பும் டேப்பில் இருக்கிறது.

நீங்கள் இருவரும் ஒரே சிலேட்டில் எழுதிப் பழகினவர்கள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சத்தத்தை வைத்து உன்னால் கண்டுபிடிக்க முடியும். என்ன எழுதினாள் என்று எனக்கு எழுது. அது ஒன்றுதான் கேட்கிறேன்.

வெலிச்கோ

*

ப்ளோவ்திவ், 17 டிசம்பர்

அத்தான்,

கேட்டேன். லூபெனும் கேட்டார். இவ்வளவு சுத்தமான பதிவை ரேடியோவில்கூடக் கேட்டதில்லை என்று உங்களிடம் சொல்லச் சொன்னார். குத்தலாகச் சொல்லவில்லை. அப்புறம் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் என்ன எழுதினாள் என்று அவளையே கேளுங்கள். பக்கத்து அறையில்தானே இருக்கிறாள்.

ராய்னா

*

லோம், 22 டிசம்பர்

ராய்னா,

உன் கடிதத்தோடு அவளிடம் போனேன். ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து தட்டில் அவரைக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு என்ன எழுதின?" என்றேன். ஒரு கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டாள். மறுபடி கேட்டேன். நான் செய்தது உனக்காகத்தான், உன் குரல் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் என்றேன். இன்னும் நிறையச் சொன்னேன். கல்யாணப் பந்தலிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். சிலேட்டை எடுத்து எழுதினாள். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்று, முடியும்வரை பார்த்தேன்.

"பேசாதீங்க. தொண்டைய மிச்சம் பிடிங்க."

அன்றைக்கு எழுதியது இதுதானா என்று கேட்டேன். துணியை எடுத்தாள், அழித்தாள், தட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெலிச்கோ